மோட்டாரை எந்த உயரத்தில் பொருத்துவது?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஏரிகளில் மிதவைப் படகுகள் மிகுதி. காற்றடைத்த இரண்டு நீண்ட அலுமினியக் குழாய்கள், மேலே ஒரு தளம், பின்னால் ஓர் அவுட்போர்டு மோட்டார். பார்வைக்குப் படகு போலவே இராது! அதன் வேகம் குதிரைத்திறனில் மட்டும் இல்லை. மோட்டாரைப் பொருத்தும் உயரத்திலும் இருக்கிறது.

புரொப்பெல்லர் நீரைப் பின்னே தள்ள, நீர் படகை முன்னே தள்ளுகிறது. நாம் படிக்கும் நியூட்டனின் மூன்றாம் விதிதான். மோட்டார் மிக உயர்ந்திருந்தால், முக்கியமாகப் படகு திரும்பும்போது, புரொப்பெல்லர் மேலேயுள்ள காற்றை இழுத்துக்கொள்ளும். காற்றைத் தள்ளி என்ன பயன்? இயந்திரம் வீணே அலறும், வேகம் வராது. அதைவிடக் கேடு ஒன்று உண்டு. இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் கீழ்ப்பகுதித் துளைகள் வழியே ஏறுகிறது. அங்கே காற்று புகுந்தால் இயந்திரம் சூடேறிப் பழுதாகிவிடும்.

மிகத் தாழ்ந்திருந்தாலோ, கீழ்ப்பகுதி நீரில் இழுபட்டுத் தடை மிகும்; பெட்ரோல் வீண்.

புரொப்பெல்லருக்குச் சற்று மேலே ஒரு தட்டைத் தகடு உண்டு. படகு வேகமாக ஓடுகையில் அது நீர்மட்டத்தை ஒட்டி நிற்பது நலம். கரையில் அளந்தால் மட்டும் போதாது; ஓடும்போது குழாய்களுக்கிடையே நீர்மட்டம் வேறு. எனவே வழக்கமான ஆட்களை ஏற்றி, ஓட்டிப் பார்த்து, மோட்டாரை ஒவ்வொரு துளையாக ஏற்றியோ இறக்கியோ முடுக்குகிறார்கள்.