தச்சுப் பயிற்சி: தொடங்குதலும் நிறைவு செய்தலும்

ஒரு பிள்ளையைத் தச்சுப் பட்டறையில் சேர்ப்பது அரைநாள் காரியம். ஆனால் அவ்வாறு சேர்ந்தோருள் தொழிலை முழுமையாகக் கற்று வெளிவருவோர் சிலரே. இழைப்புளி தள்ளவும் வாள் இழுக்கவும் பழகியவுடன், கையில் கூலி கிடைக்கிறதே என்று நகரத்துக் கட்டட வேலைக்குப் பலர் சென்றுவிடுகின்றனர். பத்தாண்டு உழைத்த பின்னரும், பிறர் கோடு போட்டுக் கொடுத்த கட்டையை அறுக்கும் ஆளாகவே அவர்கள் நின்றுவிடுகின்றனர். பாதியில் நின்றவருக்கும் முழுதும் கற்றவருக்கும் கைத்திறனில் உள்ள வேற்றுமை சிறிது; அளந்து குறியிடும் அறிவில் உள்ள வேற்றுமையே பெரிது. கூலியிலும் அது தெரிகிறது.

ஆகையால் பிள்ளைகளைத் தொழிலுக்கு அனுப்பும் விவசாயிகள், பயிற்சி எங்கே தொடங்குகிறது என்பதோடு, எப்பொழுது முடிந்ததாகக் கொள்வது என்பதையும் முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டும்.

பதினான்கு வயது நிரம்பாத சிறுவரை வேலைக்கு வைப்பதை 2016-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, பின்னமும் பரப்பளவும் அறியாத பிள்ளைக்குத் தச்சு வேலை பிடிபடாது. எட்டாம் வகுப்பையேனும் முடிக்கச் செய்தல் நலம். பத்தாம் வகுப்பு முடித்தால் இன்னும் நலம். தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து சான்றிதழ் பெறுவது ஒரு வழி. மேஸ்திரியிடம் நேரே சேர்வது மற்றொரு வழி. முன்னதில் வரைபடம் படிக்கவும் இயந்திரங்களைக் கையாளவும் முறையாகக் கற்கலாம். பின்னதில் மரத்தோடு பழகும் காலம் மிகுதி. முதலில் நிலையத்தில் கற்றுப் பின்னர் நல்ல மேஸ்திரியிடம் இரண்டாண்டு இருப்பதே சிறந்தது என்பது நம் கருத்து. தொழில் குலவழி வந்தோர்க்கே உரியது என்ற எண்ணம் இன்னும் சில ஊர்களில் உண்டு. பயிற்சி நிலையத்தின் வாயில் எல்லாப் பிள்ளைகளுக்கும், பெண்களுக்கும் திறந்தே இருக்கிறது.

மேஸ்திரியிடம் சேர்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி பயிற்சி ஒப்பந்தம் பதிவு செய்யப்படும், உதவித்தொகையும் உண்டு. ஆயினும் 2019-இல் திருத்தப்பெற்ற விதிகள், 30 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களையே பழகுநர்களைச் சேர்க்கும்படி கட்டாயப்படுத்தின. நால்வர் முதல் 29 பேர் வரை உள்ள இடங்களுக்கு அது விருப்பம். மேஸ்திரியும் ஒரு துணையாளும் உள்ள ஊர்ப் பட்டறை இதற்குள் வருவதில்லை. எனவே அங்கே எழுத்து இல்லை. எழுத்து இல்லாத இடத்தில் மனத்தாங்கல் பிறக்கிறது. ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதிக்கொள்வது கடினமன்று: பயிற்சிக் காலம் எத்தனை ஆண்டு, ஆண்டுதோறும் கூலி எவ்வளவு உயரும், கருவிகளை யார் வாங்குவது, எந்த ஆண்டில் எந்த வேலையைக் கற்பிப்பது. பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் சாட்சியாகக் கையொப்பமிட்டால் இரு தரப்புக்கும் பாதுகாப்பு. தேநீர் வாங்கி வருவதிலும் சீவல் கூட்டுவதிலும் முதலாண்டு முழுவதும் கழிந்துவிடுவதை இத்தாள் ஓரளவு தடுக்கும்.

முதலில் கற்க வேண்டியது உளி தீட்டுதல். வாயின் சரிவு 25 முதல் 30 பாகைக்குள் இருக்க வேண்டும். பின்முகம் கண்ணாடிபோல் தட்டையாக இருக்க வேண்டும். மழுங்கிய உளியே கையை வெட்டும், ஏனெனில் அதைத் தள்ள மிகுந்த வலிமை தேவைப்படுகிறது. அடுத்தது மரத்தின் நாரோட்டத்தை அறிதல். அதன் பின்னரே இணைப்பு வேலை. ஒரு கட்டையில் துளையும் மற்றொன்றில் அதனுள் நுழையும் நாக்கும் வெட்டுகையில், நாக்கின் கனம் கட்டையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்காக அமைவது பொது விதி.

மரம் உலரும்போது நீளத்தில் மிகச் சிறிதே சுருங்கும். அகலத்தில் நன்றாகச் சுருங்கும். கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் பள்ளத்தில் ஆணி அடிக்காமல் இளக்கமாக விடுவது இதனால்தான். கார்த்திகை மழையில் இறுகிய கதவை அவசரப்பட்டு இழைத்துவிட்டால், சித்திரையில் விரல் நுழையும் சந்து விழும். இதையெல்லாம் மேஸ்திரி செய்யும்போது பார்த்தால் மட்டும் போதாது. காரணம் கேட்க வேண்டும்.

இனிக் கணக்கு. பயிற்சி பெரும்பாலும் தடைப்படும் இடம் இதுவே. உருட்டு மரத்தின் சுற்றளவில் நான்கில் ஒரு பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது வழக்கில் உள்ள கணக்கு. சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி எனில் 10 கன அடி. உண்மையான கன அளவு இதைவிட அதிகம், ஏறத்தாழ 12¾ கன அடி. அறுப்பில் போகும் கழிவுக்கு அவ்வேறுபாடு ஈடாகிறது. மரம் விற்கும் விவசாயிகளும் இதனை அறிந்திருப்பது நன்று. ஏழடி உயரம், மூன்றடி அகலத்தில் ஒரு நிலை வேண்டுமெனில், நான்கு பக்கத்துக்கும் 20 அடிக் கட்டை தேவை. கட்டை 5 அங்குல அகலமும் 3 அங்குலக் கனமும் உடையதானால், ஏறத்தாழ 2 கன அடி மரம் ஆகும். நிலை சதுரமாக நிற்கிறதா என்று காண மூலைவிட்டங்கள் இரண்டையும் அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருத்தல் அவசியம். இக்கணக்குகளைப் பழகுநர் தம் நோட்டில் தாமே எழுத வேண்டும். கலப்பையும் வண்டியும் ஊர்த் தச்சருக்கு வேலை தந்த காலம் போய், ஒட்டுப்பலகை அலமாரியே இன்று பெருவேலையாகிவிட்டதால், பலகையை வீணின்றிப் பங்கிடும் கணக்கும் சேர்கிறது. மின்வாளருகே பதினெட்டு வயது நிரம்பாதவரை நிறுத்தவே கூடாது.

மரத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் கீல் பொருத்துவது வரை, பிறர் கை படாமல் ஒரு நிலையும் கதவும் செய்து முடிப்பதே பயிற்சியின் நிறைவு. மேஸ்திரிக்கு இதனால் மரம் வீணாகுமோ என்ற அச்சம் இருக்கும், அது நியாயமானதே. இங்கே பஞ்சாயத்து உதவலாம். அங்கன்வாடிக்கு ஒரு பெஞ்சு, நூலகத்துக்கு ஒரு கதவு போன்ற சிறு வேலையை, உரிய விதிகளுக்கு உட்பட்டு, மேஸ்திரியின் பொறுப்பில் பழகுநர் செய்யுமாறு கொடுத்தால், மரத்தின் விலை யாருக்கும் சுமையாகாது.

கருவிகளைச் சிறுகச் சிறுகப் பயிற்சிக் காலத்திலேயே சேர்த்துவிட வேண்டும். இரவல் உளியோடு தனித்தொழில் தொடங்க இயலாது. 2025-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயது நிரம்பியோருக்கென வகுக்கப்பட்டதாகையால், புதிதாகப் பயிற்சி முடித்த இளைஞர் அதனை நம்பிக் காத்திருக்கலாகாது. 18 வயது நிறைந்து கட்டட வேலை செய்வோர், 1994-இல் அமைக்கப்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளத் தச்சு வேலைக்கும் இடம் உண்டு. வேலை செய்ததற்கான சான்று அதற்குத் தேவைப்படும் என்பதால், மேஸ்திரியிடம் எழுதிய ஒப்பந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.