பாடம் 9: தாத்தாவின் புல்லட்

இரயில்வேப் பணியின் பொருட்டு நாக்பூரில் குடியேறிய முதியவர் ஒருவர், இளமையில் வாங்கிய புல்லட் மோட்டார் சைக்கிளைப் போற்றிப் பாதுகாத்து வந்தார். இங்கிலாந்தில் தோன்றிய அவ்வண்டியை இந்தியாவில் செய்வதற்கென 1955ஆம் ஆண்டு சென்னையில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது.

பல்லாண்டுகள் ஓடாது நின்ற வண்டியைச் சீர்செய்ய, கோடை விடுமுறையில் தாத்தாவும் ஏழாம் வகுப்பில் பயிலும் பேத்தியும் முற்பட்டனர். எஞ்சினைப் பிரித்து, பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே துணியின்மேல் அடுக்கினர். எங்கும் எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படிந்திருந்தன. பேத்தி ஒரு தட்டில் பெட்ரோலை ஊற்றப் போனாள். தாத்தா உடனே தடுத்தார்.

"பெட்ரோல் பிசுக்கை விரைவில் நீக்குமே, தாத்தா! மெக்கானிக் கடையில் அப்படித்தானே கழுவுகிறார்கள்?" என்றாள் பேத்தி.

"விரைவில் நீக்கும், அம்மா, விரைவில் தீயும் பற்றும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தவழ்ந்து சென்று அடுப்பை எட்டினால், அங்கே பற்றும் தீ நொடியில் இங்கே வந்துவிடும்" என்று கூறிய தாத்தா, தம் இடக்கையைக் காட்டினார். அதிலிருந்த பழைய தழும்பின் காரணத்தை அவள் அன்றுதான் அறிந்தாள்.

மண்ணெண்ணெய் அவ்வளவு எளிதில் ஆவியாவதில்லை. எனினும், 35 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் அதன் ஆவியும் தீப்பற்றக்கூடும். நாக்பூரின் கோடைப் பகலோ 40 பாகையையும் கடக்கும். ஆகவே, இருவரும் மறுநாள் விடியற்காலையில், அடுப்பும் மின்பொறியும் அண்டாத திறந்த முற்றத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து பணியைத் தொடங்கினர்.

இரும்பாலான சிலிண்டரைத் தாத்தா மண்ணெண்ணெயில் நனைத்துப் பித்தளைத் தூரிகையால் தேய்த்தார். அதன் மூடியோ அலுமினியத்தால் ஆனது. எரிசோடா அலுமினியத்தை அரித்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். எனவே அதனைத் தவிர்த்து, ஊறிய கரியை மரச்சீவலால் மெல்லச் சுரண்டினார். பாகங்கள் பொருந்தும் பரப்பில் கீறல் விழுந்தால் எண்ணெய் கசியுமன்றோ! கழுவிய இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்காதிருக்கப் பேத்தி அவற்றைத் துடைத்து, எஞ்சின் எண்ணெய் பூசினாள்.

அழுக்கேறிய மண்ணெண்ணெயை அவர்கள் சாக்கடையில் கொட்டவில்லை. மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்தனர். துடைத்த துணிகளையும் மற்றொரு டப்பாவில் இட்டு மூடினர்.

"நாளைக்கும் விடியற்காலையிலேயே எழுப்புங்கள், தாத்தா" என்றாள் பேத்தி.

சொற்பொருள்
பிசுக்கு – ஒட்டிக்கொள்ளும் எண்ணெய் அழுக்கு
தழும்பு – புண் ஆறியபின் நிற்கும் வடு
அண்டாத – நெருங்காத

வினாக்கள்
1. தாத்தா பெட்ரோலை ஊற்றவிடாமல் தடுத்தது ஏன்?
2. விடியற்காலையில் பணியைத் தொடங்கியதன் காரணம் யாது?
3. இரும்பையும் அலுமினியத்தையும் தூய்மை செய்த முறைகளை வேறுபடுத்தி எழுதுக.

பிரித்து எழுதுக
அவ்வண்டி, மண்ணெண்ணெய், கையுறை

செயற்பாடு
உங்கள் வீட்டில் எளிதில் தீப்பற்றும் பொருள்கள் எவை? அவை எங்கு வைக்கப்பட்டுள்ளன? பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகள் எழுதுக.