குட்டி வரும் பின்னே, வீட்டு வேலை முடியணும் முன்னே!

செமஸ்டர் லீவு வந்தாலே நம்ம வாட்ஸ்அப் குரூப்ல ஒரு நாய்க்குட்டி படம் வந்துடும். "யாராவது எடுத்துக்கோங்க ப்ளீஸ்"னு கீழ ஒரு வரி. அதைப் பார்த்து மனசு இளகி, "நான் எடுத்துக்கறேன்"னு கை தூக்கப் போறவங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. நானும் அப்படிக் கை தூக்கினவன்தான்.

எங்க வீடு கே.கே. நகர்ல. ஃபர்ஸ்ட் இயர் லீவுல ஒரு குட்டியைக் கொண்டு வந்தேன். அது வர்றதுக்கு முன்னாடியே சிவப்பு பெல்ட், மணி, குட்டி மெத்தை, ரப்பர் எலும்புன்னு ஏகப்பட்ட செலவு. மறுநாளே பெல்ட்டைக் கட்டி, உழவர் சந்தை வரைக்கும் நடக்க வச்சுக் கூட்டிட்டுப் போனேன். கண்ட இடத்தை எல்லாம் மோந்துக்கிட்டே வந்துச்சு. ஒரு வாரத்துல வாந்தி, அப்புறம் ரத்தம் கலந்த பேதி. டாக்டர் கேட்டது ரெண்டே கேள்வி: "ஊசி போட்டீங்களா? வெளிய கூட்டிட்டுப் போனீங்களா?" மூணு நாள் குளுக்கோஸ் ஏத்தியும் பிழைக்கல.

அந்த நோய்க்குப் பேர் பார்வோ. 1978 வாக்குல உலகம் முழுக்கப் பரவின வைரஸ். நோயுள்ள நாயின் மலத்தில் இருந்து மண்ணுக்கு வந்தா மாசக்கணக்குல சாகாது. நம்ம செருப்பு அடியில ஒட்டிக்கிட்டும் வீட்டுக்குள்ள வரும். சாதாரண ஃபினாயிலை நம்ப முடியாது. முதல்ல அழுக்கைக் கழுவி எடுத்துட்டு, ப்ளீச்சிங் கரைசலை ஊத்திப் பத்து நிமிஷமாவது ஊற விடணும். தரை நல்லா காஞ்ச பிறகுதான் குட்டி அங்க போகணும். எங்க வீட்டுல மெத்தை, பெல்ட் எல்லாத்தையும் எரிச்சுட்டு, ஒரு வருஷம் கழிச்சுத்தான் அடுத்த குட்டி.

அதனால முதல் வேலை காலண்டர்தான். எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாய்கிட்ட இருந்து பிரிக்காதீங்க. விற்கிறவங்களும் அதுக்கு முன்னாடி விற்கக் கூடாதுன்னு 2017 விதிகளே சொல்லுது. ஆறிலிருந்து எட்டு வாரத்துல முதல் தடுப்பூசி. மூணு நாலு வார இடைவெளியில அடுத்தடுத்து, பதினாறு வாரம் வரைக்கும். ரேபிஸ் ஊசி மூணு மாசத்துல. நடுவுல பூச்சி மருந்து. தேதியை டாக்டர் எழுதித் தருவார். அந்தக் கோர்ஸ் முடியும் வரை தெருத் தரையில கால் படக் கூடாது. வெளிய காட்டணும்னு ஆசையா இருந்தா கையில தூக்கிட்டுப் போங்க.

அடுத்து, ரூமைக் காலி பண்றது. தரையில குப்புறப் படுத்து, குட்டியோட கண் உயரத்துல ஒரு தடவை பாருங்க. (அம்மா சிரிப்பாங்க, பரவாயில்லை.) என் கட்டிலுக்கடியில கிடைச்சது: சால்டர் ஒயர் துண்டு, ரெண்டு எல்இடி, பழைய ப்ராஜெக்ட்ல இருந்து விழுந்த சிஆர்2032 பட்டன் செல். நம்ம ஆளுங்க வீட்டுக்கே உரிய ஆபத்து இதுதான். 3 வோல்ட்தானேன்னு நினைக்காதீங்க. ஈரமான உணவுக்குழாயில அது மாட்டினா மின்னோட்டம் பாயும். அங்க உண்டாகிற காரம் சில மணி நேரத்துல சதையை அரிச்சிடும். முழுங்கிடுச்சுன்னு சந்தேகம் வந்தாலே டாக்டர்கிட்ட ஓடணும், மலத்துல வரும்னு காத்திருக்கக் கூடாது. பல் முளைக்கிற வயசுல ஒயரையும் கடிக்கும். மேல ஏத்த முடியாத ஒயரை பிவிசி பைப்புக்குள்ள விடுங்க.

எலி மருந்து, அந்துருண்டை, மாத்திரை அட்டை எல்லாம் மூடின அலமாரிக்குப் போகட்டும். வாசல்ல அரளிச் செடி இருந்தா வேலி கட்டுங்க. அதோட இலை, பூ எல்லாமே விஷம். சம்ப் மூடி சரியா உட்காருதான்னு பாருங்க. கேட் கம்பி இடைவெளியில குட்டி நுழையும்னா கீழே ஒரு பலகை.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான். கவிழாத ரெண்டு எவர்சில்வர் கிண்ணம், பழைய பேப்பர் ஒரு கட்டு, அட்டைப்பெட்டி, அதுக்குள்ள சாக்கும் அப்பாவோட பழைய லுங்கியும். மெத்தை எல்லாம் அது கிழிக்கத்தான். நம்ம திருச்சி வெயிலுக்குப் பெட்டி நிழல்ல, காத்தோட்டமா இருக்கணும். தண்ணிக் கிண்ணம் எப்பவும் நிறைஞ்சிருக்கணும்.

சாப்பாடு ஏற்கெனவே என்ன சாப்பிட்டுச்சோ அதையே நாலஞ்சு நாள் கொடுத்து, மெதுவா மாத்துங்க. ஒரு நாளைக்கு நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமா. பசும்பால் பல குட்டிக்குப் பேதி ஆக்கும். பாட்டி பாசத்துல போடுற பிரியாணி மிச்சம் வேண்டவே வேண்டாம்: வெங்காயம், பூண்டு, வெந்த எலும்பு மூணுமே அதுல இருக்கு. திராட்சை, பாயசத்துல போடுற உலர் திராட்சை, சாக்லேட்டும் கூடாது. காய்ச்சல்னு நம்ம பாராசிட்டமாலை உடைச்சுக் கொடுத்துடாதீங்க.

முதல் ரெண்டு மூணு ராத்திரி அழும். உங்க கட்டில் பக்கத்துலயே பெட்டியை வைங்க, கை எட்டினா போதும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் பேப்பருக்குத் தூக்கிட்டுப் போனா அதுவே பழகிடும். அடிக்கிறது, மூஞ்சியைத் தேய்க்கிறது எல்லாம் வேண்டாம்.

விளையாட்டுல பல் பட்டு ரத்தம் வந்தா, குட்டிதானேன்னு விடாதீங்க. சோப்பு போட்டு, ஓடுற தண்ணியில பதினைஞ்சு நிமிஷம் கழுவிட்டு நேரா அரசு மருத்துவமனை. அங்க ஊசி இலவசம்.

இன்னொன்னு, லீவு முடிஞ்சு நீங்க ஹாஸ்டலுக்குக் கிளம்பின பிறகு ஆறு மணிக்கு எழுந்து பேப்பர் மாத்தப் போறது யார்? எங்க வீட்டுல அம்மாதான். அதனால ரெண்டாவது தடவை அம்மாகிட்ட கேட்டுட்டு, அவங்க ஒரு வாரம் யோசிச்சுச் சரின்னு சொன்ன பிறகுதான் குட்டியைக் கொண்டு வந்தேன். ஊசி அட்டை இப்போ ஃப்ரிட்ஜ் மேல காந்தத்துல தொங்குது. கடைசி ஊசி போட்டு ரெண்டு வாரம் கழிச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அம்மாவே பெல்ட்டைக் கட்டி உழவர் சந்தைப் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க. நான் கூடப் போகல, ஹாஸ்டல்ல வீடியோ கால்ல பார்த்தேன்.