வாடிய பயிரும் மூளையும்

போன ஆனி மாதம் எங்கள் தெருப் பாட்டி ஒருவருக்கு வாய் கோணி, ஒரு கை விழுந்துவிட்டது. புறா ரத்தம் தேடியே பகல் போயிற்று. அந்நேரம் மூளைக்குள் நடந்தது என்ன?

கண்மாய் மடை அடைபட்டால் வயலின் நடுப்பயிர் கருகும். ஓரப்பயிரோ பக்கத்துக் கசிவில் வாடி நிற்கும், உடனே சாகாது. ரத்தக்கட்டி அடைத்த மூளையும் அப்படியே. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிவதாக 2006-இல் கணக்கிட்டார்கள்.

1971-இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம்பிடித்தது. அந்த சி.டி. ஸ்கேன்தான் இன்றும் அடைப்பா, ரத்தக்கசிவா என்று முதலில் சொல்கிறது. கசிவென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி ஆபத்து. அடைப்பென்றாலும் அந்த ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு.

ரத்த ஓட்டத்தை அளக்கும் படம், கருகிய இடம் எவ்வளவு, வாடிய இடம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். சிகிச்சைக்குப் பின் எது மிஞ்சும் என்பதை அதைக்கொண்டு மதிப்பிடுகிறார்கள். மதிப்புத்தான், சத்தியமன்று, கருகியதாகத் தெரிந்த இடம் சிலவேளை பிழைப்பதுண்டு. வாடிய இடம் மிகுந்தவர்களைப் படத்தால் தேர்ந்து, 24 மணி நேரம் வரையிலும் கட்டியைக் குழாய்வழி எடுத்துப் பலன் கண்டதை 2018-இல் வெளியிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் முதற்கேள்வி, கடைசியாக எப்போது நன்றாயிருந்தார் என்பதே. பாட்டி வீட்டில் ஒருவருக்கும் நேரம் தெரியவில்லை.