வலைத்தளங்களிடையே வருநர் கணக்கு

ஒரு வலைத்தளம் பிறிதொரு தளத்திற்கு வருநரை அனுப்புதலும், அனுப்பப்பெற்ற தளம் அதற்குக் கைம்மாறு செய்தலும் நாடோறும் நிகழ்வன. தன் கடைக்கு வாங்குவோரை அனுப்பும் தளங்களுக்கு 1996-இல் அமேசான் நிறுவனம் தரகு கொடுக்கத் தொடங்கிற்று. அதன்பின் இவ்வழக்கம் எங்கும் பரவியது. தரகு புகுந்தவிடத்துக் கணக்கும் உடன் புகுமன்றோ? அனுப்பியவர் நூறு பேர் என்கிறார். பெற்றவர் எழுபது பேர் என்கிறார். இவ்விருவருள் பொய் கூறுபவர் யாவர் எனின், பெரும்பாலும் ஒருவருமிலர் என்பதையே ஈண்டு நாம் விளக்கப் புகுகின்றோம்.

வருநர் எங்கிருந்து வந்தார் என்று அறியும் வழிகளுள் தலையாயவை மூன்று.

முதலாவது, உலாவி தானே கூறுவது. ஒருவர் ஓர் இணைப்பை அழுத்தியவுடன், அவருடைய உலாவி புதிய பக்கத்தை வேண்டும்போது, தான் புறப்பட்ட முகவரியையும் ஒரு வரியில் அறிவிக்கும். ‘ரெஃபரர்’ எனப்படும் அவ்வரியைப் பெறும் தளத்தின் சர்வர் தன் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். இது செலவற்ற வழியே, ஆயினும் நிறைவுடையதன்று. பாதுகாப்புடைய பக்கத்தினின்று பாதுகாப்பில்லாத பக்கத்திற்குச் செல்லுங்கால் அவ்வரி வழக்கமாக விடப்படும். கைப்பேசிச் செயலிகள் வழியாக வருவோர் பலரிடத்தும் அஃது இராது. 2020 முதல் குரோம் உலாவி, வேற்றுத் தளம் செல்லுங்கால், பொதுவாகத் தளத்தின் பெயரை மட்டும் கூறிப் பக்கத்தின் பெயரை மறைக்கின்றது. இங்ஙனம் வரி இழந்தவர் யாவரும் ‘நேரே வந்தோர்’ என்னும் பகுதியில் தவறாகச் சேர்க்கப்படுவர்.

இரண்டாவது, இணைப்பிலேயே அடையாளம் பொறித்தல். முகவரியின் ஈற்றில் ஒரு கேள்விக்குறியிட்டு, அனுப்பும் தளத்தின் பெயர் முதலியவற்றைச் சேர்த்தெழுதுவர். ‘யூ.டி.எம்.’ என வழங்கும் இக்குறிகள், 2005-இல் கூகிள் விலைக்கு வாங்கிய அர்ச்சின் நிறுவனத்திடமிருந்து வந்தவை. உலாவி வாய்மூடினும் இவ்வடையாளம் பேசும். ஆனால் அம்முகவரியை ஒருவர் படியெடுத்துத் தம் நண்பர்க்கு அனுப்பின், அந்நண்பரும் முதற் தளத்தின் கணக்கிலேயே ஏறுவர்.

மூன்றாவது, அனுப்பும் தளமே எண்ணுதல். இணைப்பை அழுத்தியவரை முதலில் தன் எண்ணும் முகவரிக்கு அழைத்து, அங்கே ஒன்று கூட்டிக்கொண்டு, பின்னரே உரிய இடத்திற்குச் செலுத்தும். இதிலும் குறையுண்டு. மனிதரல்லாத தேடுபொறி நிரல்களும் எண்ணப்படலாம். பக்கம் திறக்குமுன் சலித்துத் திரும்பினவரும் எண்ணப்படுவர்.

இனி, முரண்பாட்டின் காரணம் எளிதிற் புலப்படும். அனுப்பியவர் எண்ணுவது அழுத்தங்களை. பெற்றவர் எண்ணுவது வருகைகளை. அரைமணி நேரத்துள் ஒருவர் மும்முறை அழுத்தின், அங்கே மூன்றாகும். இங்கே பெரும்பாலும் ஒன்றேயாகும். விளம்பரத் தடுப்பான் உடையவர் அங்கே எண்ணப்பட்டு இங்கே விடுபடுதலும் உண்டு. ஆகவே, உடன்படிக்கை செய்யுமுன்னரே எண்ணப்படுவது யாது, நாளின் தொடக்கம் எந்நாட்டு மணிப்படி, நிரல்களைக் கழிப்பது எங்ஙனம் என்னும் மூன்றையும் எழுதி வைத்தல் வேண்டும். பின்னர், வெவ்வேறு கருவிகளிலிருந்து பத்து முறை தாமே அழுத்திப் பார்த்து, இரு பதிவேடுகளும் என்ன காட்டுகின்றன என ஒப்புநோக்குக. வேற்றுமை எங்கே பிறக்கின்றதென அப்பொழுதே விளங்கும்.

ஈண்டு மறக்கலாகாதது ஒன்றுண்டு. நெட்ஸ்கேப் நிறுவனத்தார் 1994-இல் அமைத்த ‘குக்கி’ என்னும் சிறு குறிப்பு, நாளடைவில் ஒருவரைத் தளந்தோறும் பின்தொடரும் கருவியாயிற்று. 2018-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2020-இல் சஃபாரி உலாவி பிறதளக் குக்கிகளை முற்றிலும் தடுத்தது. தரகுக் கணக்கிற்கு வேண்டுவது எத்தனை பேர் என்னும் தொகையே. அவர் யாவர், வேறெங்குச் சென்றார் என்பனவல்ல. சிறு தளங்கள் நடத்தும் மாணவ நண்பர்கள், மேற்கூறிய மூன்று வழிகளையும் ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்து, தொகையளவில் நிற்பாராயின், கூட்டாளியின் நம்பிக்கையையும் வருநரின் நம்பிக்கையையும் ஒருங்கே காப்பர்.