சாரக்கட்டுக்கு எந்தக் காப்புறுதி?

கேள்வி: தெல்தெனியவில் சாரக்கட்டு கொந்தராத்துச் செய்கிறேன். பைப்புகள் சொந்தம், ஆறு பேர் நாட்கூலி. எந்தக் காப்புறுதி அவசியம்?

பதில்: முதலில் அந்த ஆறு பேருக்கும். நாட்கூலிதானே என்று விட்டுவிடாதீர்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலையில் நேரும் காயத்துக்கு முதலாளிதான் பொறுப்பு. 2022 திருத்தம் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாயாக்கியது. வேலைக்கு வந்துபோகும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்தது. இரண்டாம் தட்டில் கிளாம்ப் நழுவி ஒருவர் விழுந்தால், அந்தத் தொகையை உங்கள் கையிருப்பு தாங்குமா? ஆகவே வேலையாட்கள் நட்டஈட்டுக் காப்புறுதியை இந்த வாரமே எடுங்கள். கையொப்பமிடுமுன் எத்தனை அடி உயரம்வரை செல்லும் என்று கேளுங்கள். பொலிஸியில் உங்கள் தொழில் சாரக்கட்டு என்றில்லாமல் ஓடு மாற்றுதல் என்று பதிவாகியிருந்தால், நட்டஈடு கேட்கும்போது சிக்கல் வரும். கொடுக்கும் சம்பளத்தையும் குறைத்துக் காட்டாதீர்கள்.

அடுத்தது பொதுப் பொறுப்புக் காப்புறுதி. பலகை விழுந்து பாதையில் போகிறவருக்கு அடிபட்டால் கைகொடுப்பது அதுதான்.

பைப்புகளுக்குத் தீ, களவு காப்புறுதி போதாது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் கலகத்தில் கடைகள் எரிந்ததை நீங்கள் அறிவீர்கள். கலகச் சேதம் சாதாரணப் பொலிஸியில் சேராது. வேலைநிறுத்தம், கலகம், பயங்கரவாதத்துக்கான மேலதிகக் காப்பைக் கேட்டு வாங்குங்கள்.

காப்புறுதி இருக்கிறதென்று பாதுகாப்புப் பட்டியைக் கைவிடாதீர்கள். மழை விட்டதும் அடித்தாங்கிகளைப் பார்த்த பிறகே ஆட்களை மேலே ஏற்றுங்கள்.