தண்ணீர் தங்கிய இடங்கள்

போடி பக்கம் ஏலத்தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த ஜீப்புகளுக்குக் குறைவே இல்லை. விடிகாலையில் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறி, பொழுது சாய இறங்கி, சேறும் ஈரமுமாகக் கொட்டகையில் நின்று துருவேறியவை. என் வீட்டுக் கார் ஷெட்டுக்கு வந்து சேர்ந்ததும் அப்படி ஒன்றுதான். 1960களின் மகிந்திரா சி.ஜே. 3பி, பெட்ரோல் வண்டி. பானெட் உயர்ந்த மாடல் என்றால் பலருக்கும் முகம் நினைவுக்கு வரும். போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் எஞ்சினில் வால்வுகள் எல்லாம் பிளாக்கிலேயே இருந்தன. அடுத்து வந்த ஹரிக்கேன் எஞ்சினில் இன்டேக் வால்வு ஹெட்டுக்கு ஏறியது, எஞ்சின் உயரம் கூடியது, அதற்கு இடம் கொடுக்கத்தான் பானெட்டும் உயர்ந்தது. அமெரிக்காவில் 1968இல் நின்றுபோன இந்த மாடலை நம் ஊரில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் செய்துகொண்டிருந்தார்கள். உதிரிபாகம் இன்றும் கிடைப்பதற்கு அதுவே காரணம். போடி, தேனியில் இல்லாததைச் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம்.

இப்படியொரு வண்டியை வாங்க நினைப்பவருக்கு நான் முதலில் சொல்வது ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள் என்பதுதான். பழைய பெட்ரோல் ஜீப்புகள் பலவற்றில் யாரோ எப்போதோ டீசல் எஞ்சின் ஏற்றியிருப்பார்கள். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத வண்டியை எவ்வளவு அழகாக்கினாலும் ரோட்டில் விட முடியாது. சேஸிஸ் நம்பரைப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். துரு தேய்க்கத் தொடங்கும் முன்பே அந்த எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சில் அச்சு எடுத்து, போட்டோவும் பிடித்து வையுங்கள். கிரைண்டர் கம்பி பிரஷ் ஒரு நிமிஷம் கூடுதலாக ஓடினால் எண்ணின் விளிம்பு மழுங்கிவிடும், அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசில் யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது. 50 வயது தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021இல் தனிப் பதிவு விதி வந்திருக்கிறது. வி.ஏ. என்ற எழுத்துள்ள நம்பர் கிடைக்கும், முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் அந்த நம்பரில் அன்றாட ஓட்டம் கூடாது. எனக்குத் தோட்டத்துக்குப் போய்வர வண்டி வேண்டும், அதனால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டேன்.

காகிதம் சரியென்றால் அடுத்து ஒரு சின்னச் சுத்தியல் போதும். சேஸிஸ் முழுக்க மெல்லத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று பேசும், அரித்த இரும்பு பொத்தென்று அமுங்கும். மூத்த டிங்கர் ஒருவர் எனக்குக் காட்டித் தந்த வித்தை இது. "தம்பி, துருவைப் பாக்காதீங்க. தண்ணி எங்க நின்னுச்சுன்னு பாருங்க" என்றார். "அது எப்படிண்ணே?" என்று கேட்டதற்குப் பேச்சாகப் பதில் சொல்லாமல் என்னை வண்டிக்கு அடியில் படுக்க வைத்தார்.

அன்று பார்த்தது இந்த வேலை முழுவதற்கும் எனக்கு வழி சொன்னது. ஜீப்பில் துரு கண்ட இடத்தில் வருவதில்லை. தரைத் தகட்டின் அடியில் தாங்கலுக்காகத் தொப்பி வடிவச் சட்டங்கள் ஓடுகின்றன, சேறு உள்ளே புகுந்தால் வெளியேற வழியில்லை. இரண்டாம் உலகப் போர் ஜீப்புகளில் இந்தச் சட்டத்துக்குள் மரக்கட்டையையே திணித்து வைத்திருந்தார்கள், அது ஈரத்தை உறிஞ்சி வருஷக்கணக்கில் இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் தங்கும் மற்ற இடங்கள், முன் இருக்கைக்குக் கீழே பெட்ரோல் டேங்க் உட்காரும் பள்ளம், டூல் பாக்ஸின் அடி, சேஸிஸின் மேல் பாடி அமரும் இடங்கள், பின் குறுக்குச் சட்டத்தின் உள்பக்கம். வெயில் படும் பானெட்டும் மட்கார்டும் மேலாகத்தான் சிவந்திருந்தன. கண்ணுக்குத் தெரியாத அந்த இடங்கள்தான் உள்ளுக்குள் மக்கிப்போயிருந்தன.

ஆகவே வேலையின் வரிசையைத் தண்ணீரை வைத்தே போட்டேன். தகடு மாற்றும் முன் தண்ணீர் வடியும் துளைகளைக் கண்டுபிடித்தேன். பெரும்பாலானவை பட்டியாலும் பெயின்டாலும் அடைபட்டுக் கிடந்தன. பழைய துருவின் மேல் பட்டி போடுவதைப் போல இந்த வண்டிகளுக்குக் கெடுதல் வேறில்லை. பட்டி ஈரம் குடிக்கும். மேலே பளபளவென்று இருக்கும்போதே அடியில் அரிப்பு நடந்துகொண்டிருக்கும். பட்டி பூசி விற்கும் வண்டியைவிடத் துருவோடு நிற்கும் வண்டியே நேர்மையானது, அதையே வாங்குங்கள்.

நட்டு போல்ட்டைக் கழற்றுவதற்குப் பொறுமை வேண்டும். இது இன்ச் அளவு வண்டி. 9/16 இன்ச் நட்டுக்கு 14 நம்பர் ஸ்பானர் நுழையாது, 15 போட்டால் முனை மழுங்கிவிடும். இன்ச் ஸ்பானர் செட் ஒன்று வாங்காமல் கையே வைக்க வேண்டாம். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே விட்டு ஊற வைக்க வேண்டும். பிடிவாதம் பிடித்தால் நட்டைச் சூடுகாட்டி, அது ஆறும்போது திருக வேண்டும், ஆனால் பெட்ரோல் டேங்கும் குழாயும் கழற்றி வெளியே போன பிறகுதான் நெருப்பு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வம்ச ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் பல வண்டிகளில் இடமறை. எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். தெரியாமல் ஆளை ஏற்றி மிதித்து ஸ்டட்டை முறித்தவர்கள் எங்கள் வட்டாரத்திலேயே உண்டு. பின் சக்கர டிரம் ஆக்ஸிலின் கூம்பு முனையில் இறுகியிருக்கும். அதற்கென்று உள்ள புல்லர் இல்லாமல் சம்மட்டியால் அடித்தால் ஆக்ஸிலும் பேரிங்கும் சேர்ந்து போகும்.

சின்னச் சின்ன பாகங்களின் துருவுக்கு மின்பகுப்பை நான் மனமார நம்புகிறேன். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா. பேட்டரி சார்ஜரின் நெகடிவ் முனை துருப்பிடித்த பாகத்தில், பாசிடிவ் முனை ஒரு பழைய இரும்புத் தகட்டில். ஒரு ராத்திரியில் துரு கரும்பொடியாகித் துடைத்தால் வந்துவிடும், நல்ல இரும்பு ஒரு மயிரிழையும் குறையாது. ஆசிட்டில் போட்டால் துருவோடு இரும்பும் கரையும், மடிப்புக்குள் தங்கிய ஆசிட் பெயின்டுக்கு அடியிலிருந்து மறுபடி அரிக்கும். மின்பகுப்பில் இரண்டு எச்சரிக்கை. பாசிடிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது, அதிலுள்ள குரோமியம் நஞ்சாகத் தண்ணீரில் கரையும். குமிழியாக வருவது ஹைட்ரஜன், அதனால் தொட்டி திறந்த வெளியில் இருக்கட்டும், பக்கத்தில் பொறி பறக்கும் வேலை எதுவும் வேண்டாம்.

தரைத் தகட்டை வெட்டும் முன் பாடியின் குறுக்கே சதுரப் பைப்பைப் பற்றவைத்து இறுக்குங்கள். சேஸிஸில் பூட்டியிருக்கும்போதே தரையை மாற்றுங்கள். தரை போனால் பாடி நெளியும், நெளிந்த பிறகு கண்ணாடிச் சட்டம் சரியாக உட்காராது. 18 கேஜ் தகடு, மிக் வெல்டிங். ஒரே மூச்சில் நீளமாக இழுக்காமல் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று ஆற விட்டு ஆற விட்டு வைத்தால் தகடு வளையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைத்தால் புகை நெஞ்சை அடைத்துக் காய்ச்சல் கொண்டுவரும். பெட்ரோல் டேங்கை, எத்தனை வருஷம் காலியாகக் கிடந்ததாக இருந்தாலும், வீட்டில் பற்றவைக்காதீர்கள். உள்ளே தங்கிய ஆவி ஒன்றே ஆளைக் கொல்லப் போதும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், காற்றடித்துத் தூசு கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். மனைவியும் பிள்ளைகளும் நடமாடும் ஷெட் அது.

எஞ்சின் இறுகிப்போயிருந்தால் வண்டியைக் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யப் பார்க்க வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டரிலும் டீசல் விட்டு ஊற வைத்து, முன்னால் ஹேண்டில் போட்டு இப்படியும் அப்படியுமாகச் சிறிது சிறிதாக அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டு மூடியைத் திறந்தால் எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒட்டியிருப்பது கண்ணால் தெரியும். அசைந்துவிட்டால் மீதி லேத்காரர் கையில்.

தண்ணீர் தகட்டோடு நிற்பதில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, வீல் சிலிண்டரை உள்ளிருந்தே துருவேற்றும். இந்த ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் வழி. ஓரிடத்தில் கசிந்தால் மிதி தரைக்குப் போய்விடும். போடிமெட்டு வளைவுகளில் இறங்கப் போகிற வண்டிக்கு அது உயிர் விஷயம். அதனால் பெயின்டுக்கு வைத்த பணத்தில் எடுத்து, மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், குழாய், ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாகவே போட்டேன். முன் ஆக்ஸிலின் உருண்டை முட்டியில் சீல் கிழிந்திருந்தால் ஓடை கடக்கும்போது தண்ணீர் உள்ளே போகும். ஆயில் பால் நிறத்தில் இறங்கினால் பேரிங்கையும் பாருங்கள். இப்போது பம்பில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால். அதுவும் ஈரம் இழுக்கும், பழைய ரப்பரையும் அரிக்கும். டேங்கின் அடியைச் சுத்தம் செய்து, குழாயையும் ஃப்யூயல் பம்ப் டயஃப்ராமையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றிவிடுங்கள்.

பெயின்ட் பற்றிச் சொல்ல அதிகமில்லை. துரு நீக்கிய அன்றே பிரைமர் அடிக்க வேண்டும், மலையடிவார ஈரத்தில் மறுநாள் விடிவதற்குள் இரும்பு மஞ்சளாகிவிடும். வெறும் ரெட் ஆக்சைடு ஈரத்தைத் தடுக்காது, எபாக்ஸி பிரைமரே மேல். சட்டங்களின் உள்பக்கத்துக்கு மெழுகு கலந்த துரு தடுப்பானை நீளக் குழாய் வைத்து அடியுங்கள். கழிவு ஆயிலை அடியில் பூசும் வழக்கம் ரப்பர் புஷ்களைக் கெடுக்கும்.

எல்லாம் முடிந்ததும் தோட்டத்து ஹோஸ் பைப்பைத் தரையில் திறந்துவிட்டு, அடியில் குனிந்து, எந்தெந்தத் துளையில் தண்ணீர் வடிகிறது என்று பாருங்கள். வடியாமல் நிற்கும் இடத்தில் ஒரு துளை போட்டு, துளையின் வெட்டு விளிம்புக்கும் பிரைமர் தொட்டு வையுங்கள். ரப்பர் மேட் மட்டும் விரிக்க வேண்டாம்.